பியூ ஜீ எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆறு வருஷமும் விங் சுன் என்ற சீனச் சண்டைக்கலையைக் கற்றேன். அதில் அசைவுகளை அடுக்கிச் செய்கிற வரிசைகளில் முதல் இரண்டும் முடிந்துவிட்டன. மூன்றாவதான பியூ ஜீயைக் கேட்கும்போதெல்லாம் மாஸ்டர் "இன்னும் நேரம் வரவில்லை" என்று சொல்லி முதல் வரிசையையே திரும்பச் செய்யச் சொன்னார். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். வீடியோவைப் பார்த்து நானே பழகலாமா என்று யோசிக்கிறேன். கண்ணில் குத்துகிற ரகசிய வித்தை அது என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையில் அந்த வரிசை எதற்கு?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தம்பி, கண்ணில் குத்துவதற்கு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் அந்த நினைப்போடுதான் வருகிறார்கள். பெயர் அப்படி அமைந்துவிட்டது. 'பியூ' என்றால் ஈட்டி போலப் பாய்வது, 'ஜீ' என்றால் விரல். பாயும் விரல். பெயரைக் கேட்டதும் விரல்தான் விஷயம் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் கண்ணில் விரலை விடக் கற்றுக்கொள்வதற்கு ஒரு முழு வரிசை எதற்கு? ஒரு சாயங்காலம் போதும். அதற்காக இரண்டு வரிசைகளை வருஷக்கணக்கில் பழகிவிட்டு வா என்று யாரும் சொல்லப்போவதில்லை.

விங் சுன் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன். தெற்குச் சீனாவின் குவாங்டாங் மாகாணத்துக் கலை இது. வெறுங்கைக்கு மூன்றே வரிசைகள், அப்புறம் மரத்தில் செய்த ஆள், நீளக் கம்பு, ஜோடிக் கத்தி. அவ்வளவுதான் மொத்தமும். முதல் வரிசை சியூ நிம் தாவ், 'சின்ன எண்ணம்'. நின்ற இடத்தை விட்டுக் கால் நகராது. முழங்கை உள்ளே, தோள் தளர்வாக, கை எப்போதும் உடம்பின் நடுக்கோட்டைக் காத்துக்கொண்டு இருக்கும். இரண்டாவது சம் கியூ, 'பாலம் தேடுவது'. பாலம் என்று அவர்கள் சொல்வது முன்கையை. எதிராளியின் முன்கையும் நம் முன்கையும் தொட்டுக்கொள்கிற இடம்தான் பாலம். அதில் உடம்பு திரும்பும், கால் நகரும், உதையும் வரும்.

இந்த இரண்டிலும் உனக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார். முழங்கையைத் தூக்காதே. நடுக்கோட்டை விடாதே. இடுப்பை வளைத்துச் சாயாதே. எட்டவில்லை என்பதற்காகத் தோளை நீட்டி அடிக்காதே. ஆறு வருஷமும் இதையேதான் கேட்டிருப்பாய், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாய்.

இப்போது பியூ ஜீயைப் பார். முழங்கை தோளுக்கு மேலே ஏறி மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு இறங்குகிறது. கை தோளிலிருந்தே நீண்டு பக்கவாட்டில் வீசுகிறது. கடைசியில் உடம்பே முன்னால் குனிகிறது. முதல் இரண்டு வரிசைகளில் எதையெல்லாம் செய்யாதே என்றார்களோ அதையெல்லாம் இது செய்கிறது. முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது, இத்தனை நாள் ஏன் அடித்துத் திருத்தினீர்கள் என்று. காரணம் புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. விதிகளை நீ காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது செய்கிற வேலைகள் இல்லை இவை. விதி உன் கையை விட்டுப் போய்விட்ட பிறகு செய்கிறவை. நடுக்கோடு போய்விட்டது, முழங்கை சிக்கிக்கொண்டது, உடம்பு சாய்ந்துவிட்டது, எதிராளி உள்ளே வந்துவிட்டான், இனி என்ன? அந்தக் கேள்விக்குப் பதில்தான் மூன்றாவது வரிசை. சீனத்தில் இதற்கு அவசரக் கை என்றே ஒரு பெயர் உண்டு, நம் வழக்கில் முதலுதவி என்று சொல்லலாம்.

ஒரே ஒரு இடத்தை மட்டும் கிட்ட வைத்துக் காட்டுகிறேன், வீட்டில் யாரையாவது நிற்க வைத்துச் செய்து பார். வலது கையை முன்னால் நீட்டி வழக்கம் போல நில். எதிரே நிற்பவர் உன் வலது முழங்கையை வெளிப்பக்கத்திலிருந்து பிடித்து உன் மார்புக்குக் குறுக்கே அழுத்தித் தள்ளட்டும். என்ன ஆகிறது? உன் வலது கை உன் உடம்போடு ஒட்டிக்கொள்கிறது, இடது கையும் அதற்கு அடியில் மாட்டிக்கொள்கிறது. ஒருத்தர் ஒரே கையால் உன் இரண்டு கைகளையும் கட்டிப்போட்டுவிட்டார், அவருடைய இன்னொரு கை சும்மா இருக்கிறது. இந்த நிலையில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது மாட்டிய கையைப் பின்னால் இழுப்பது. இழுத்துப் பார். நீ இழுக்கிற திசையிலேயே அவரும் கூட வருவார், இன்னும் மோசமாகும்.

சரி, இப்போது வலது கையை மறந்துவிடு. இடது கை விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை கீழே பார்க்க, உன் வலது முழங்கைக்கு அடியில் நுழைத்து, முன்கையின் அடிப்பக்கத்தை உரசிக்கொண்டே முன்னால் பாய்ச்சு. இடுப்பு கூடவே திரும்பட்டும். அழுத்திக்கொண்டிருக்கிற அவருடைய கைக்குக் கீழே இடம் இருக்கும், எப்போதும் இருக்கும், ஏனென்றால் மேலே அழுத்துகிறவருக்குக் கீழே காவல் இல்லை. உன் இடது கை வெளியே வந்து நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டதும் சிக்கிய வலது கை தானாக விடுபட்டுப் பின்னால் வரும். வரிசையில் முழங்கை அடிகளுக்குப் பிறகு அந்தக் கைக்கு அடியிலிருந்து மற்றக் கை விரல் நீட்டிப் பாய்வதைப் பார்த்திருப்பாய். வீடியோவில் அழகுக்காகச் செய்வது போலத் தெரியும். காரணம் இதுதான். விரல் நீண்டிருப்பதும் இதற்காகத்தான். முஷ்டி அந்த இடுக்கில் நுழையாது, விரல் நுழையும். போய்ச் சேர்கிற இடத்தில் கண்ணோ தொண்டையோ இருந்தால் அது வேறு விஷயம். முதல் வேலை வழியைத் திரும்பப் பிடிப்பது.

கடைசியில் மூன்று தடவை குனிந்து எழுகிறார்களே, அதை வணக்கம் என்று நினைப்பவர்கள் உண்டு. இடுப்பைத் தளர்த்தும் பயிற்சி என்று சொல்கிற ஆசிரியர்களும் உண்டு. என் கருத்து வேறு. கழுத்தைப் பிடித்துக் கீழே அழுத்திவிட்டார்கள் அல்லது தடுக்கி முன்னால் விழப்போகிறாய், தலை கீழே போய்விட்டது. அந்த நேரத்தில் எல்லோரும் செய்கிற தப்பு தலையை முதலில் தூக்குவது. தூக்கினால் முகத்தில் வாங்குவாய். வரிசையில் கவனித்துப் பார், கைகள் முதலில் வட்டமாக மேலே வந்து வழியைத் துடைக்கின்றன, தலை அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது.

எனக்கு இது மனசில் உட்கார்ந்தது வகுப்பில் இல்லை, அரசலாற்றங்கரையில். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்கால் கரை உடைப்பெடுத்தது. ராத்திரியில் ஊரே மண்வெட்டியோடு ஓடியது. இளைஞர்கள் உடைந்த வாய்க்கு நடுவிலேயே மண்ணை வெட்டி வெட்டிப் போட்டார்கள், போடப்போட தண்ணீர் அள்ளிக்கொண்டு போனது. பெரியப்பா ஒருத்தர் சத்தம் போட்டு எல்லோரையும் நிறுத்தினார். "நடுவுல போடாதீங்கடா, முதல்ல ரெண்டு முனையையும் காப்பாத்துங்க" என்றார். உடைந்த கரையின் இரண்டு நுனிகளிலும் சவுக்குக் கம்பை அடித்து, தென்னங்கீற்றும் வைக்கோலும் திணித்து, உடைப்பு மேற்கொண்டு அகலாமல் முதலில் நிறுத்தினார்கள். அப்புறம்தான் மூட்டை அடுக்கி வாயைச் சுருக்கிக்கொண்டே வந்து விடியற்காலையில் அடைத்தார்கள். சண்டையிலும் உடைப்பெடுத்த பிறகு முதல் வேலை அடிப்பது இல்லை, உடைப்பு அகலாமல் நிறுத்துவது. பியூ ஜீயின் ஒவ்வொரு அசைவிலும் எனக்கு அந்தப் பெரியப்பாவின் குரல் கேட்கும்.

உன் மாஸ்டர் ஏன் தள்ளிப்போட்டார் என்பதும் இதிலேயே இருக்கிறது. கரை போடத் தெரியாதவனிடம் உடைப்பு அடைக்கச் சொல்லிக் கொடுத்தால், அவன் கரையே போடமாட்டான். முழங்கையை உள்ளே வைக்கும் பழக்கம் எலும்பில் ஊறாத ஒருத்தனுக்கு முழங்கையைத் தூக்கி வெட்டுவதைக் காட்டிவிட்டால், சும்மா இருக்கும் நேரத்திலும் தூக்குவான், விலா இரண்டும் திறந்து கிடக்கும். பெரிய வீச்சுகள் செய்யச் சுகமாக இருக்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும், மனசு அதிலேயே ஒட்டிக்கொள்ளும். அவசரத்துக்கு வைத்திருப்பதை அன்றாடச் சாப்பாடாக்கிக்கொள்கிற ஆபத்து அது.

"பியூ ஜீ வாசலைத் தாண்டாது" என்று சீனத்தில் ஒரு வழக்கு உண்டு. வெளியாட்களுக்குக் காட்டக்கூடாது என்பது நேரடிப் பொருள், பெரும்பாலோர் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். இதை வெளியே கொண்டுபோய்ப் பயன்படுத்தவேண்டிய நிலைமை உனக்கு வராமல் இருக்கட்டும் என்ற பொருளும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

விங் சுன் ஆசான் இப் மேன் பெயர் படங்கள் மூலமாக எல்லோருக்கும் தெரிந்திருக்கும். 1893-ல் ஃபோஷானில் பிறந்தவர். அதுவும் நம்ம ஊர் மாதிரியே ஆற்றுப் படுகை, முத்து ஆற்று டெல்டா. 1950-ல் ஹாங்காங்கில் உணவகத் தொழிலாளர் சங்கத்தின் இடத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1972 டிசம்பரில் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன்னால், உடம்பு மெலிந்து போயிருந்த நிலையிலும், தன் வரிசைகளைப் படம் பிடிக்கச் சம்மதித்தார். அந்தப் படத்தில் சியூ நிம் தாவ் இருக்கிறது, சம் கியூ இருக்கிறது, மர ஆள் பயிற்சி இருக்கிறது. பியூ ஜீ இல்லை. காரணத்தை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள், நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அந்த மெலிந்த உடம்போடு அவர் சியூ நிம் தாவ் செய்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். போகிற நேரத்தில் ஒரு மனுஷன் விட்டுவிட்டுப் போக நினைத்ததில், ஆரம்பப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் வரிசையும் இருந்தது.

புரூஸ் லீயும் அவரிடம் பயின்றவர்தான். 1959-ல் அமெரிக்கா புறப்பட்டபோது விங் சுன்னை முழுக்க முடித்திருக்கவில்லை. பிற்பாடு தன் சொந்த முறையில் கண்ணை நோக்கிய விரல் குத்தைப் பெரிதாக வளர்த்தார், பியூ ஜீ என்ற பெயராலேயே அதைச் சொல்வதும் உண்டு. ஒரு அடியின் பெயரும் ஒரு வரிசையின் பெயரும் ஒன்றாகிப்போய்க் குழப்பம் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

வீடியோவைப் பார்த்துப் பழகலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். வரிசையின் ஆரம்பத்தில் மணிக்கட்டை மட்டும் அசைத்து விரல்களை மேலும் கீழும், அப்புறம் இடமும் வலமும் ஆட்டுவார்கள். முழங்கையிலிருந்து புறப்படும் வேகத்தை விரல் நுனி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிற பயிற்சி அது. என்னிடம் இருந்த ஒரு பையன் இதை மட்டும் வீடியோவில் பார்த்துவிட்டு, விரலை இரும்பாக்குகிறேன் என்று அரிசி நிரப்பிய சாக்கில் தினமும் குத்திக்கொண்டிருந்தான். மூன்றாவது வாரம் வகுப்புக்கு வந்தபோது நடுவிரலின் நடுக்கணு கத்தரிக்காய்ப் பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது. இட்லியைப் பிட்டு வாயில் வைக்க முடியவில்லை அவனுக்கு. இரண்டு மாதம் கட்டுப்போட்டும் அந்த விரல் இன்றைக்கும் முழுசாக மடங்கவில்லை, தவில் கற்றுக்கொண்டிருந்த பையன், அதையும் விடவேண்டியதாகிவிட்டது. எனக்கு அது தீராத வருத்தம். விரல் கல்லாக வேண்டியதில்லை. நேராக, சற்றே வளைந்து, பக்கத்து விரலைத் தாங்கலாக வைத்துக்கொண்டு, எதிரில் கெட்டியான எலும்பு வந்தால் உள்ளங்கையாக மாறிக்கொள்கிற மாதிரி உயிரோடு இருந்தால் போதும்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பது கணக்கு இல்லை. உன்னைவிட நன்றாகத் தெரிந்த ஒருத்தரோடு கண்ணை மூடிக்கொண்டு சி சாவ் செய், அதுதான் கையோடு கை ஒட்டி உணர்கிற பயிற்சி என்று உனக்குத் தெரியும். உன் முழங்கையை அவர் மேலே தூக்கிவிட்டால் அது தானாகக் கீழே வருகிறதா, இல்லை நீ யோசித்துக் கொண்டுவருகிறாயா? நடுக்கோடு போனதும் போன அந்தக் கணத்திலேயே உனக்குத் தெரிகிறதா, அடி வாங்கிய பிறகு தெரிகிறதா? கரை உடைந்ததே தெரியாதவனுக்கு அடைக்கத் தெரிந்து என்ன பிரயோஜனம். அந்தக் கணத்திலேயே தெரிகிறது என்றால் நீ தயார். உன் மாஸ்டருக்கே போன் செய்து, விடுமுறையில் வருகிறேன் பத்து நாள் கொடுங்கள் என்று கேள். அசைவுகளைக் கற்க பத்து நாள் போதும், மற்றதை இங்கே வந்து ஒரு துணையோடு பழகிக்கொள்ளலாம். துணை இல்லாமல் மட்டும் வேண்டாம்.

கேள்வி: ஐம்பது வருஷமாகக் கம்பு சுற்றுகிறவன் நான், குத்துவரிசையும் தெரியும். சீனக்காரர்களின் வரிசையைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்தேன். தோற்கிற நிலையில் செய்வதற்கென்று அவர்கள் தனியாக ஒரு பாடம் வைத்திருப்பது போல நம்மிடம் உண்டா?
– ஒரு சிலம்ப வாத்தியார், மயிலாடுதுறை

பதில்: ஐயா, இதை நான் உங்களிடம் கேட்கவேண்டும், நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள். நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன். நம் சிலம்பத்தில் அது தனி வரிசையாக இல்லை, வாத்தியார் வாயில் இருக்கிறது. காலடி எல்லாம் முடிந்து, சுற்று எல்லாம் முடிந்து, கடைசியில் ஒரு நாள் தனியாகக் கூப்பிட்டு "கம்பு கையை விட்டுப் போச்சுன்னா?" என்று கேட்பார்கள். எனக்குச் சின்ன வயதில் கம்பு சொல்லிக்கொடுத்தவர் கேட்டபோது "ஓடிவிடுவேன்" என்றேன். "ஓடுறதுக்கும் காலடி இருக்குடா" என்று சொல்லி, கம்பு விழுந்த பக்கமே ஒரு காலை வைத்து, அடிக்கிறவனின் கம்பு வீச்சு முழு வேகம் எடுப்பதற்கு முன்னால் அவன் பிடிக்குக் கிட்டே உள்ளே போய்விடுவதைக் காட்டினார். கம்பின் நுனியில்தான் வேகம் அதிகம், பிடியின் அருகில் ஒன்றுமில்லை. பின்னால் போனால் நுனியில் மாட்டுவாய், உள்ளே போனால் பிழைப்பாய். அதை எந்த அரங்கேற்றத்திலும் யாரும் செய்து காட்டுவதில்லை. வர்மத்தைக் கடைசி வரைக்கும் வைத்திருந்து பாத்திரம் அறிந்து கொடுக்கிற நம் ஆசான்களின் வழக்கமும் "வாசலைத் தாண்டாது" என்பதும் ஒன்றுக்கொன்று ரொம்பத் தூரமில்லை. நம்முடையது எழுதப்படாமலே இருப்பதுதான் என் கவலை. உங்கள் வாத்தியார் கடைசியாகச் சொன்னதை யாரிடமாவது செய்து காட்டி வையுங்கள் ஐயா, பேரப்பிள்ளையிடமாவது.

கேள்வி: குங்ஃபூவே காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்ததுதானே? அப்படியானால் இந்தப் பியூ ஜீயும் நம்முடையதுதானே?
– ஒரு கல்லூரி மாணவர், நாகப்பட்டினம்

பதில்: போதிதர்மர் சீனத்து ஷாவோலின் மடத்துக்குச் சண்டைக்கலை கொடுத்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டுகிற தசைநார்ப் பயிற்சி நூல் 1624-ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது ஆய்வாளர்கள் முடிவு. அவர் காலத்துக்கும் அதற்கும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. ஆகவே வரலாறாக அதை எடுத்துக்கொள்ள முடியாது. விங் சுன் அதற்கும் பிந்தியது, இங் மூய் என்ற பெண் துறவி ஆரம்பித்தார் என்பதும் மரபுக் கதைதான். சீனத்தோடு நமக்கு உறவு இருந்ததற்கு உங்கள் ஊரே சாட்சி தம்பி. சோழர்கள் 1015-லும் 1033-லும் 1077-லும் சீனத்துக்குத் தூது அனுப்பியது சீன ஏடுகளில் பதிவாகியிருக்கிறது, நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடமும் இருந்தது. பெருமைப்பட அது போதும், அவர்கள் உழைத்து உண்டாக்கியதை நம் பேரில் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. புதிதாகச் சேர்த்த வகுப்பில் மூன்றே மாதத்தில் பியூ ஜீ வரைக்கும் முடித்து கறுப்பு பெல்ட் தருகிறேன் என்று சொல்லி மொத்தமாகப் பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: கட்டாதீர்கள் சகோதரி. விங் சுன்னில் பாரம்பரியமாகப் பெல்ட்டே கிடையாது. மூன்று மாதத்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு முதல் வரிசையில் முழங்கை உள்ளே வந்திருந்தாலே நல்ல வாத்தியார் என்று சொல்வேன். ஒரு நாள் வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் ஒருத்தர் கையை ஒருத்தர் தொட்டுப் பழகுகிறார்களா, தப்பு செய்தால் வாத்தியார் பக்கத்தில் போய் முழங்கையைத் தொட்டுத் திருத்துகிறாரா என்று மட்டும் கவனியுங்கள். இல்லை, வரிசையாக நிற்கவைத்துச் சத்தம் போட்டு எண்ணுவதோடு முடிகிறதென்றால், மாதாமாதம் கட்டுகிற வேறு வகுப்பு பாருங்கள். பக்கத்தில் நல்ல சிலம்ப வாத்தியார் இருந்தால் அதுவும் நல்லதுதான், பிள்ளைக்கு எது பிடிக்கிறது என்று அவளையே கேளுங்கள்.